கொலோன் ஸ்டேஷன் வாசலில்
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காய்ச்சல் வந்தால் அம்மா நம் நெற்றியில் ஓடிகொலோன் நனைத்த துணி போடுவார்களே, அந்தக் கொலோன் நகருக்கு ஒரு பயிற்சிக்காகப் போயிருந்தேன். ரயிலை விட்டு இறங்கி ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டேன். எதிரே 157 மீட்டர் உயரத்தில், கருத்துப்போன கல்லில், தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள்!

உடன் வந்த ஜெர்மானியப் பொறியாளர் கதை சொன்னார். 1248-ல் தொடங்கிய வேலை, பதினாறாம் நூற்றாண்டில் பணமில்லாமல் நின்றுபோனதாம். பாதிக் கோபுரத்தின் மேல் மரத்தாலான பாரந்தூக்கி மட்டும் முந்நூறு ஆண்டுகள் நின்றுகொண்டிருந்ததாம். பிறகு பழைய வரைபடத்தைத் தேடிப் பிடித்து, 1842-ல் மறுபடி ஆரம்பித்து, 1880-ல் முடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டுகள் விழுந்தும் சாயவில்லை. இன்றும் கல்தச்சர்கள் பழுது பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

"உங்க ஊர்ல பழைய கட்டடம் உண்டா?" என்றார்.

"கங்கைகொண்ட சோழபுரம்! இதைவிட இருநூறு வருஷம் மூத்தது. முதலாம் இராசேந்திரன் கட்டியது. விமானம் சுமார் 55 மீட்டர்" என்று பெருமையாக அளந்தேன்.

"கடைசியா எப்போ போனீங்க?"

வாயடைத்துப் போச்சு. அரியலூர்க்காரன் நான், பள்ளிச் சுற்றுலாவில் ஒரு தடவை பார்த்ததோடு சரி.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறே போனேன். சுமார் 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக இருந்த ஊர், இன்று சிற்றூர். மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளம்தான் மிச்சம். கோயில் மதிலின் கற்களையோ 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட எடுத்துப் போய்விட்டார்கள். எடுத்தவர்களும் நம்மைப் போன்ற பொறியாளர்கள்தாம். அந்த அணைத் தண்ணீரில் வயல் விளைகிறது. அதை மறுக்க முடியாது. ஆனாலும் மதில் இருந்த இடத்தில் நின்றபோது மனசு கேட்கவில்லை.

தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்களும் ரோடு போடுவீர்கள், அணை கட்டுவீர்கள். எந்தக் கல்லை எங்கிருந்து எடுக்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். வெளிநாடு போகுமுன் ஒருமுறை சோழபுரம் போய் வாருங்கள். யாராவது கேட்டால் என்னைப்போல் முழிக்க வேண்டாம்.