சிறு நிலத்திற்கு எத்தனை குதிரைத்திறன்?

(உடுமலை வட்டார உழவர் பயிற்சியில் உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



சிறிய நிலத்திற்குச் சிறிய டிராக்டர் போதும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் சொன்னேன். அதுவும் வெளியாருக்குச் சொல்லவில்லை. என் தமக்கையின் கணவருக்கே சொன்னேன். அவருக்கு 6 ஏக்கர் நிலம். 3 ஏக்கரில் மல்பெரி, 3 ஏக்கரில் மக்காச்சோளம். எல்லாம் நல்ல கரிசல். 'மாப்பிள்ளை, எந்த டிராக்டர் எடுக்கலாம்?' என்று அவர் கேட்டபோது, 'ஆறு ஏக்கருக்கு 18 குதிரைத்திறன் தாராளம், மச்சான்' என்று சொல்லிவிட்டேன். கடன் போட்டு வாங்கினார். உடன் 80 சென்டிமீட்டர் அகல ரோட்டவேட்டரும் ஐந்து கொத்துக் கலப்பையும் வாங்கினார்.

மல்பெரித் தோட்டத்தில் வண்டி குறை சொல்ல முடியாதபடி ஓடிற்று. சோளக்காட்டில்தான் சங்கடம் வந்தது. கோடை உழவில் காய்ந்த கரிசலில் கலப்பையை இறக்கியதும் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. சரி, மழை பெய்யட்டும் என்று காத்திருந்தார். மழை பெய்து நிலம் பதத்திற்கு வந்தது. கரிசலில் பதம் எத்தனை நாள் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு மூன்று நாளில் ஒன்று கட்டியாகும், அல்லது அடுத்த மழையில் சேறாகும். மூன்று ஏக்கரை இருமுறை ஓட்டி முடிப்பதற்குள் அடுத்த மழை பிடித்துக்கொண்டது. விதைப்பு இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று. மறு ஆண்டு, சொந்த டிராக்டர் கொட்டகையில் நிற்க, உழவுக்கு வெளியிலிருந்து 45 குதிரைத்திறன் வண்டியை வாடகைக்கு அழைத்தார். தவணை ஒரு பக்கம், வாடகை ஒரு பக்கம். 'படிச்சவன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு நம்பினோம்' என்றார் என் தமக்கை. நான் ஏக்கரைப் பார்த்தேனே ஒழிய மண்ணைப் பார்க்கவில்லை. உழவியல் படித்தவன் செய்யத்தகாத பிழை அது.

ஆகவேதான் இன்று இதைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன். நமது மாநிலத்தில் 2015-16ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி ஒரு உழவரின் சராசரி நிலம் 0.75 எக்டர், அதாவது 2 ஏக்கருக்கும் குறைவு. 5, 6 ஏக்கர் வைத்திருப்பவரே நம்மில் சற்றுப் பெரியவர். அப்படிப்பட்டவர் 15, 18 குதிரைத்திறன் மினி டிராக்டரை எடுப்பதா, அல்லது அதே வகையில் ஒரு படி பெரியதான 24 முதல் 28 வரையுள்ளதை எடுப்பதா என்பதுதான் கேள்வி.

முதலில் குதிரைத்திறனைப் பற்றி ஒரு சொல். வண்டியின் மூடியில் எழுதியிருப்பது எஞ்சினின் திறன். ரோட்டவேட்டரைச் சுற்றும் பி.டி.ஓ. தண்டிற்கு வந்து சேர்வது அதில் சுமார் 85 சதம். 28 என்றால் கைக்குக் கிடைப்பது 24 போல. 18 என்றால் 15 போல. 15 குதிரைத்திறனால் மூன்றடிக்கு மேல் அகலமான ரோட்டவேட்டரைக் கரிசலில் சுற்ற இயலாது. 24 இருந்தால் நான்கடி, அதாவது 1.2 மீட்டர் ரோட்டவேட்டரைத் தாராளமாகச் சுற்றலாம்.

இந்த ஓரடி வேறுபாடு என்ன செய்யும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். 80 சென்டிமீட்டர் ரோட்டவேட்டர் மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் நேரம், நின்று பார்க்கும் நேரம் என்று கால் பங்கைக் கழித்துவிட்டால் ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 2 மணி 40 நிமிடம் ஆகும். 1.2 மீட்டர் ரோட்டவேட்டர் மணிக்கு 3 கிலோமீட்டர் போனால் ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரம். மூன்று ஏக்கரை இருமுறை ஓட்டுவதற்கு முன்னதற்கு 16 மணி, பின்னதற்கு 9 மணி. பதம் இரண்டு நாள்தான் நிற்கும் என்னும் நிலத்தில் இந்த 7 மணி நேரம்தான் விதைப்பைப் பருவத்தில் முடிப்பதற்கும் தவறவிடுவதற்கும் இடையே நிற்கிறது. செம்மண்ணில் இந்த அவசரம் இல்லை. இறவைச் செம்மண்ணில் நாம் நீர் விட்டுப் பதத்தை வரவழைத்துக்கொள்கிறோம். அங்கே 18 குதிரைத்திறன் வண்டியைக் குறைவாகப் பேச எனக்கு மனம் வராது.

அடுத்தது எடை. இதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. 27, 28 குதிரைத்திறன் என்று விற்கப்படும் வண்டிகளில் ஒன்று சுமார் 650 கிலோ இருக்கும். இன்னொன்று 1000 கிலோவைத் தாண்டும். திறன் ஒன்றேதான், ஆனால் நிலத்தில் செய்யும் வேலை வேறு. ரோட்டவேட்டர் சுழலும்போது அதன் கத்திகளே வண்டியை முன்னே தள்ளுகின்றன. ஆகவே எடை குறைந்த வண்டியும் அதை நன்றாக ஓட்டும். கொத்துக் கலப்பை அப்படியல்ல. அது பின்னுக்கு இழுக்கும். அதை இழுப்பதற்குச் சக்கரம் மண்ணைப் பிடிக்க வேண்டும். பிடிப்பு எடையிலிருந்து வருகிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியானால் பிடிப்பு கூடும் என்பது உண்மையே. ஆயினும் எடையே இல்லாதபோது நான்கு சக்கரமும் சேர்ந்து வழுக்கும். காய்ந்த கரிசலில் கோடை உழவு போட வேண்டியவர் குதிரைத்திறனைக் கேட்டு முடித்த கையோடு எடையையும் கேட்டல் வேண்டும். தென்னந்தோப்பிலும் மல்பெரியிலும் களையெடுக்க மட்டுமே வேண்டுபவருக்கு எடை குறைந்ததே நல்லது. ஈர மண் இறுகாது.

மல்பெரி என்றதும் அகலம் வந்துவிடுகிறது. நம் வட்டாரத்தில் இரட்டை வரிசை முறையில், 90 சென்டிமீட்டரும் 150 சென்டிமீட்டரும் மாற்றி மாற்றி இடைவெளி விட்டு நட்டிருப்போம். வண்டி போவது 150 சென்டிமீட்டர் சந்தில். வண்டியின் அகலம் 110 என்றால் இருபுறமும் 20 சென்டிமீட்டர் மிச்சம். 130 என்றால் இருபுறமும் 10தான். குச்சி ஓரளவு வளர்ந்துவிட்டால் 10 சென்டிமீட்டரில் ஓட்டிப்போவது சர்க்கஸ்காரர் வேலை. 1.2 மீட்டர் ரோட்டவேட்டரையும் அங்கே கொண்டுபோக வேண்டாம். வேரையும் தூரையும் அடித்துவிடும். பெரிய வண்டி எடுத்தாலும் மல்பெரிக்கென 90 சென்டிமீட்டர் ரோட்டவேட்டர் தனியாக வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் வாங்கும் நாளிலேயே எண்ணிக்கொள்ளுங்கள். தென்னையில் இந்தத் தொல்லை இல்லை. ஏழரை மீட்டர் இடைவெளியில் ஒவ்வொரு மரத்திற்கும் 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி விட்டாலும் நடுவே ஏறக்குறைய 4 மீட்டர் திறந்து கிடக்கும். ஊடே வாழை போட்டிருந்தால் மறுபடி நாடாவை எடுக்க வேண்டியதுதான்.

இப்போது பணத்திற்கு வருவோம். கணக்கிற்காக, பெரிய மினி டிராக்டர் கருவிகளுடன் 6 லட்சம், சிறியது 4 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். 6 லட்சம் ரூபாய் வண்டி 10 ஆண்டு கழித்து ஒன்றரை லட்சத்திற்குப் போனால் ஆண்டுத் தேய்மானம் 45,000 ரூபாய். சராசரி முதலீட்டிற்கு 10 சதம் வட்டி 37,500. காப்பீடு, கொட்டகை முதலியவற்றிற்கு 7,500. ஆக 90,000. சாவியைத் தொடாவிட்டாலும் இந்தச் செலவு உண்டு. சிறிய வண்டிக்கு இதே கணக்கில் 60,000 வரும்.

என் மைத்துனரின் ஆறு ஏக்கரில் ஆண்டுக்கு எத்தனை மணி நேர வேலை இருக்கிறது என்று உட்கார்ந்து எழுதினோம். மல்பெரியில் ஐந்து அறுவடை, ஒவ்வொன்றிற்கும் பின் இருமுறை இடையுழவு: 60 மணி. சோளக்காட்டில் 40. தழை ஏற்றவும் எரு அடிக்கவும் டிரெய்லரோடு 50. மொத்தம் 150 மணி. 90,000-ஐ 150-ஆல் வகுத்தால் மணிக்கு 600 ரூபாய். டீசல் மணிக்கு 3 லிட்டர், எண்ணெய், பழுது எல்லாம் சேர்த்து 340 ரூபாய் என்றால், மணிக்கு 940 ரூபாய். ஓட்டுவது நாமே என்பதால் அந்தக் கூலி இதில் சேரவில்லை. இத்தொகையை உங்கள் ஊர் வாடகையோடு ஒப்பிடும்போது ஒன்றை மறக்கக்கூடாது: வாடகைக்கு வரும் 45 குதிரைத்திறன் வண்டி ஆறடி ரோட்டவேட்டரோடு ஏக்கரை ஒரு மணிக்குள் முடித்துவிடும். மணிக்கு மணி ஒப்பிட்டால் கணக்குத் தப்பும். ஏக்கருக்கு ஏக்கர் ஒப்பிடுங்கள். அப்படிப் பார்த்தால் வெறும் உழவுக்காக மட்டும் ஆறு ஏக்கர்க்காரர் டிராக்டர் வாங்குவது கட்டுபடி ஆகாது என்பதே என் கருத்து. விற்பனைக்காரர்கள் என்மேல் வருத்தப்பட்டாலும் சரி.

கட்டுபடி ஆவது வேறு இரண்டு வகையில். பெரிய வண்டி நுழைய முடியாத சந்துகளில் ஆண்டு முழுவதும் வேலை இருந்தால் வாங்கலாம். அக்கம்பக்கத்து மல்பெரித் தோட்டங்களுக்கும் நாம் போய் ஓட்டிக்கொடுக்க முடிந்தாலும் வாங்கலாம். 150 மணி 300 மணியாகிவிட்டால் மணிக்கு 600 என்ற சுமை 300 ஆகிவிடும். அண்ணன் தம்பி இருவர், மூவர் சேர்ந்து வாங்குவதும் இதே கணக்குத்தான். யார் நிலம் முதலில் என்பதை மட்டும் வாங்குவதற்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும், மழை பெய்த அன்று பேசக்கூடாது.

ஆக, என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். செம்மண்ணும் தோட்டக்காலும் உள்ளவர் சிறியதை எடுத்து, ஆண்டுக்கு 30,000 ரூபாயை மிச்சம் செய்யலாம். கரிசலும் மானாவாரிப் பட்டமும் உள்ளவர், வாங்குவதென்று தீர்மானித்துவிட்டால், 24-க்குக் கீழே போக வேண்டாம். ஆனால் அந்த வண்டியும் எல்லாம் செய்யும் என்று எண்ணிவிடாதீர்கள். ரோட்டவேட்டரை ஒரே ஆழத்தில் ஆண்டுக்கணக்கில் ஓட்டினால் அடியில் மண் தட்டுப்போல் இறுகும். மூன்றாண்டுக்கு ஒருமுறை உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் கீறிவிடச் சொல்கிறோம் அல்லவா, அதை 28 குதிரைத்திறன் வண்டி இழுக்காது. அந்த ஒரு நாளுக்கு வாடகை டிராக்டர்தான். வேளாண்மைப் பொறியியல் துறையில் முன்பதிவு செய்துகொள்ளலாம்.

மானியம் பற்றிக் கேட்பீர்கள். வேளாண்மை இயந்திரமயமாக்கும் திட்டத்தில் சிறு, குறு உழவர், மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதம் வரையும், மற்றவர்க்கு 40 சதம் வரையும், உச்சவரம்பிற்கு உட்பட்டு வழங்கப்படுகிறது. விண்ணப்பித்து அனுமதி வந்தபின் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான சரக்கு சேவை வரி 12 சதத்திலிருந்து 5 சதமாகக் குறைந்திருக்கிறது. விலைப்புள்ளியில் அது தெரிகிறதா என்று பாருங்கள்.

மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்ற ஊரில் மத்திய அரசின் பண்ணை இயந்திரச் சோதனை நிலையம் இருக்கிறது. அங்கே சோதித்த அறிக்கையை விற்பனையாளரிடம் கேளுங்கள். பி.டி.ஓ. திறன், இழுவிசை, தூக்கும் எடை, டீசல் செலவு எல்லாம் அதில் இருக்கும். அத்துடன் உங்கள் நிலத்தில், காய்ந்த நாளில், நீங்கள் ஓட்டப்போகும் கலப்பையை மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீர் பாய்ந்த வயலில் ஓட்டிக் காட்டினால் எல்லா வண்டியும் நல்ல வண்டியே. பழுது பார்க்கும் இடம் எத்தனை தொலைவு என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.

இன்னொன்று. சந்துக்காகச் சக்கரங்களை நெருக்கிய வண்டி வரப்பில் ஏறினால் எளிதில் சாயும். வரப்பைக் குறுக்கே கடக்கும்போது நேராக ஏறி நேராக இறங்குங்கள். ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு வேகமாகத் திரும்பாதீர்கள். முன்பக்கம் லேசாக இருந்தால் முன்னெடைக் கட்டைகளைக் கேட்டு வாங்கி மாட்டுங்கள்.

என் மைத்துனர் அந்தச் சிறிய வண்டியை விற்கவில்லை. விற்றால் கடனைவிடக் குறைவாகத்தான் வரும் என்று தெரிந்தது. இப்போது அது அவருடைய மல்பெரியிலும், பக்கத்துத் தோட்டங்கள் நான்கிலும் இடையுழவு ஓட்டுகிறது. சோளக்காட்டிற்கு வாடகை வண்டியை, மழைக்கு முன்பே பேசி வைத்துவிடுகிறார்.

வெளியே இரண்டு டிராக்டர்களை நிறுத்தியிருக்கிறார்கள்; ஒன்று 18, ஒன்று 27. நான் அளவு நாடா கொண்டுவந்திருக்கிறேன். தேநீர் குடித்துவிட்டு வாருங்கள், முதலில் அகலத்தை அளப்போம்.