மார்கழிக்குள் பாலிஷ் முடியணும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)



நம்ம பிள்ளைகள் ஐந்து பேர் மொட்டை மாடியில் கண்ணாடி தேய்ப்பது தெரியும். சத்தம் வருதுன்னு சிலர் சொன்னீங்க. அந்தக் கட்டம் முடிஞ்சாச்சு. 6 அங்குல வட்டக் கண்ணாடி கார்போரண்டம் பொடியில் தேய்ந்து, நடுவில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் குழிந்திருக்கிறது. குவியத் தூரம் 4 அடி. ஆனால் பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி மாதிரி மங்கலாகத்தான் இருக்கு. இனிமேல் பாலிஷ். அதற்குத்தான் மீட்டிங் ஹாலைக் கேட்கிறோம்.

"துணி வச்சுத் துடைச்சா ஆகாதா?" என்று ஓர் அம்மா கேட்டார். பளபளப்பு வரும், வடிவம் கெட்டுவிடும். தொலைநோக்கிக் கண்ணாடியில் மேடுபள்ளம் சுமார் 70 நானோமீட்டருக்கு மேல் இருந்தால் சனியின் வளையம் கலங்கலாகத் தெரியும். தலைமுடிப் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு அது. பைசா இடித்தாலும் ராத்திரி வரை லெட்ஜர் புரட்டிய எனக்கே மலைப்பாக இருந்தது.

இந்தக் கணக்கைச் சரிக்கட்டுவது பிட்ச் என்கிற பிசின். சுத்தியலால் தட்டினால் கண்ணாடி போல் உடையும். சும்மா விட்டால் மெல்ல வழியும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-ல் ஒரு புனலில் ஊற்றி வைத்த பிட்ச், இன்னும் பத்து வருடத்துக்கு ஒரு சொட்டு என்ற கதியில் சொட்டுகிறது. இந்தக் குணத்தால்தான் அது கண்ணாடியின் வளைவுக்குத் தானே படிந்துகொண்டு, சீரியம் ஆக்சைடு பொடியையும் இறுகப் பிடித்துக்கொள்கிறது. நியூட்டனும் தன் உலோக ஆடிக்குப் பிட்ச்தான் வைத்தார்.

செய்முறை இதுதான். பிட்சை மெதுவாக உருக்கி, அதே அளவு வட்டப் பலகைமேல் கால் அங்குலம் ஊற்ற வேண்டும். இளஞ்சூட்டில் சோப்புத் தண்ணீர் தடவிய கண்ணாடியை வைத்து அழுத்தி, வளைவு படிந்ததும் ஓர் அங்குலச் சதுரங்களாக வாய்க்கால் கீற வேண்டும். எந்தச் சதுரத்தின் மையமும் பலகையின் நட்டநடுவில் விழக்கூடாது. விழுந்தால் கண்ணாடியில் வட்டவட்டமாகத் தடம் பதியும். கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் லேசான தடம் விழுகிற பதம் வேணும். கெட்டியாக இருந்தால் அடுப்பிலிருந்து இறக்கி, தூரமாக வைத்துச் சில சொட்டு டர்பன்டைன். அது தீப்பிடிக்கும், அதனால் உருக்கும்போது நானும் இன்னொரு பெரியவரும் கூட நிற்போம். மாடியில், இண்டக்‌ஷன் அடுப்பில்தான்.

இந்தப் பதம் வெயிலுக்கு நிற்காது. மார்கழியில் சரியாக இருக்கிற பிட்ச் சித்திரையில் இளகி வாய்க்காலை மூடிவிடும். அவசரம் அதனால்தான்.

இது நம்மால் ஆகுமா என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஜவ்வாது மலை காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குக் கண்ணாடிக் கட்டி மட்டும்தான் ஜெர்மனியிலிருந்து வந்தது. அதைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தில், ஏ.பி. ஜெயராஜன் குழுவினர். ராஜீவ் காந்தி 1986 ஜனவரி 6 அன்று அதற்கு வைணு பாப்பு பெயரைச் சூட்டினார். பாப்பு 1982-லேயே போய்விட்டார், பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

மார்கழியின் நான்கு ஞாயிறும் காலை 7 முதல் 10 மணி வரை ஹால் வேணுமுங்க. மின்விசிறி போட மாட்டோம், தூசி ஆகாது. தரைக்குப் பழைய ஃப்ளெக்ஸ் விரிப்போம். செயலாளர் சாவி தந்தால் சரி.