எண்ணில் அடங்காத வேலையின்மை



தமிழ்ப் பேச்சுவழக்கில் ஒரு நுட்பம் உண்டு. பட்டம் பெற்று நான்கு ஆண்டுகளாகப் பணி கிடைக்காத இளைஞனை ஊரார் 'வேலையில்லாதவன்' என்பர். அறுவடை முடிந்தபின் இரண்டு மாதமாகக் கூலி காணாத உழவுத் தொழிலாளியை எவரும் அவ்வாறு அழைப்பதில்லை. 'இப்போது வேலை இல்லை' என்று அவரே சொல்லிக்கொண்டு அடுத்த பருவத்தை எதிர்நோக்கியிருப்பார். பொருளியல் அறிஞர்கள் பல்லாண்டுகள் விவாதித்த சிக்கலில் பாதி இந்த வழக்கிலேயே அடங்கியிருக்கிறது. மறுபாதி, 'வீட்டில் சும்மா இருக்கிறாள்' என்னும் மற்றொரு வழக்கில் இருக்கிறது. அது பின்னர் வரும்.

செய்தித்தாள்களில் வரும் வேலையின்மை விகிதம், மக்கள்தொகையில் எத்தனை பேர் வேலையற்றோர் என்பதைக் கூறுவதன்று. வேலை செய்வோரையும், வேலை தேடுவோர் அல்லது கிடைத்தால் செய்ய ஆயத்தமாக இருப்போரையும் சேர்த்து உழைப்போர் தொகுதி எனக் கொள்வர். அத்தொகுதியில் நூற்றுக்கு எத்தனை பேர் வேலையின்றி உள்ளனர் என்பதே விகிதம். மாணவர், முதியோர், வீட்டுப்பணி மட்டுமே செய்வோர் ஆகியோர் இக்கணக்கிற்கு வெளியே நிற்பவர்கள். தேடிச் சலித்து, இனிக் கிடைக்காது என்று தேடுவதையும் ஆயத்தமாக இருப்பதையும் விட்டுவிட்டவரும் வெளியேதான். அவர் நம்பிக்கை இழந்தால் விகிதம் குறையும். இந்த விந்தையை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் பெரும்பாலோர்க்கு வேலையின்மை என்றதும் நினைவில் எழுவது வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடே. இவ்வலுவலகங்கள் இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்கு வாழ்வழி தேடித்தர 1945-இல் தோன்றியவை. 2023-இல் தமிழ்நாட்டுப் பதிவேட்டில் 60 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவர்கள் அனைவரும் வேலையற்றோர் அல்லர். தனியார் நிறுவனத்தில் உழைத்துக்கொண்டே, அரசுப் பணிக்காக மூன்று ஆண்டுகளுக்கொருமுறை பதிவைப் புதுப்பித்து வருவோர் பலர். பள்ளி வாசலை மிதிக்காத கூலியாளோ அப்பதிவேட்டின் பக்கமே செல்வதில்லை.

ஆகவே வீடு வீடாகச் சென்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு இப்பணியை ஏற்றது. எனினும் என்ன கேட்பது என்பதில் தெளிவு பிறக்க இருபது ஆண்டுகள் ஆயின. பேராசிரியர் தாந்த்வாலா தலைமையில் திட்டக்குழு அமைத்த வல்லுநர் குழு 1970-இல் தன் அறிக்கையை அளித்தது. மேலை நாடுகளைப் போல மாதச் சம்பளத்தில் வாழ்வோர் மிகுந்த நாடன்று இது. சொந்த நிலத்திலும் சிறு கடையிலும் அன்றாடக் கூலியிலும் வாழ்வோரே மிகுதி. இவர்களின் நிலையை ஒற்றை எண்ணில் அடைக்க இயலாது என்பது அக்குழுவின் முடிவு. அதன் வழியில் 1972-73 கணக்கெடுப்பு முதல் மூன்று அளவுகோல்கள் வந்தன. வழக்கமான நிலை ஓராண்டைப் பார்க்கும். நடப்பு வார நிலை ஏழு நாட்களைப் பார்க்கும். நடப்பு நாள் நிலை ஒவ்வொரு நாளையும் அரைநாள் அரைநாளாகப் பகுத்துப் பார்க்கும்.

இவற்றின் வேறுபாடு சொற்களில் விளங்குவதைவிட ஒரு வாழ்க்கையில் நன்கு விளங்கும். திருவாரூர்ப் பக்கத்து நடவுக் கூலிப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். கணக்கெடுப்பாளர் வருவதற்கு முந்தைய வாரத்தில் திங்களும் செவ்வாயும் அவருக்கு முழுநாள் நடவு கிடைத்தது. வியாழன்று மூன்று மணி நேரம் களையெடுப்பு. ஏனைய நாட்களில் ஆயத்தமாக இருந்தும் அழைப்பார் இல்லை. வாரத்தில் ஏதேனும் ஒரு நாள் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலே போதும் என்பது வார நிலையின் விதி. எனவே அவர் வேலையுள்ளவர். நாள் நிலையில் கதை வேறு. நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்தால் முழுநாள். அதற்குக் குறைந்தால் அரைநாள். அவ்வாரத்தின் பதினான்கு அரைநாட்களில் ஐந்தில் மட்டுமே அவருக்கு வேலை. மீதி ஒன்பதும் வேலையின்மையே.

ஆண்டுக் கணக்கு இன்னும் வியப்பானது. அவர் ஓராண்டில் 130 நாள் உழைத்து, 190 நாள் வேலைக்கு அலைந்தார் எனக் கொள்வோம். முதன்மை நிலைப்படி அவர் வேலையற்றவர். ஆனால் முப்பது நாட்களுக்குக் குறையாமல் துணைநிலையில் உழைத்த எவரையும் வேலையுள்ளவராகக் கொள்ளும் விதியும் உடன் சேர்வதால், பெரிதும் எடுத்தாளப்படும் அந்த விகிதத்தில் அவர் வேலையுள்ளவராகவே இடம்பெறுவார். அவருடைய 190 நாட்களுக்கு அங்கே இடமே இல்லை.

2011-12-இல் நாடு முழுவதற்குமான வேலையின்மை வழக்கமான நிலையில் 2.2 விழுக்காடு, வார நிலையில் 3.7, நாள் நிலையில் 5.6. ஒரே ஆண்டு, ஒரே மக்கள். 2.2 விழுக்காடு என்பது செல்வ நாடுகள் பலவும் காணாத சிறிய எண். வேலையின்மைக் காப்பீடு இல்லாத நாட்டில் ஏழை வேலையின்றி இருக்க இயலாது. அரைக்கூலிக்கேனும் எதையாவது செய்துதான் ஆகவேண்டும். பொருளியல் அறிஞர் ஜோன் ராபின்சன் 1936-லேயே இதனை மறைமுக வேலையின்மை என்று பெயரிட்டு எழுதினார். ஆலையில் வேலை இழந்து இலண்டன் தெருவில் தீப்பெட்டி விற்பவன் அவர் காட்டிய சான்றுகளுள் ஒருவன். திறன் வாய்ந்த கை, விளைவு குன்றிய தொழிலில் ஒதுங்கிக் கிடக்கிறது; கணக்கேட்டில் அதுவும் வேலைதான்.

இதன் பொருள் பெருந்தொற்றுக் காலத்தில் வெளிப்பட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நகரங்களில் வார நிலை வேலையின்மை 20 விழுக்காட்டைத் தாண்டியது. நெடுஞ்சாலைகளில் மூட்டை முடிச்சோடு நடந்த மக்களை நாடே கண்டது. ஆயினும் 2018-19-இல் 5.8 விழுக்காடாக இருந்த ஆண்டு விகிதம், 2020-21-இல் 4.2-ஆகக் குறைந்தது. அளவுகோல் வேறு, கிராமமும் சேர்ந்த கணக்கு என்பன உண்மையே. ஆனால் அதே இடைவெளியில் உழைப்போருள் வேளாண்மையைச் சார்ந்தோர் 42.5-லிருந்து 46.5 விழுக்காடாக உயர்ந்தனர். நகரம் கைவிட்டவர்களைச் சகோதரரின் அரைக்காணி நிலம் ஏற்றுக்கொண்டது. மூவர் செய்த வேலையை ஐவர் செய்தனர், விளைச்சல் அதற்கேற்ப உயரவில்லை, ஐவரும் வேலையுள்ளவர்கள். விகிதத்தை மட்டும் நோக்கும் ஆட்சியாளர் அவ்வாண்டை நல்லாண்டு எனக் கொள்ள நேரும்.

காத்திருக்க வசதியுள்ளோரிடமே வேலையின்மை வெளிப்படையாகத் தெரிகிறது. 2017-18-இல் மொத்த விகிதம் 6.1, பதினைந்து முதல் இருபத்தொன்பது வயதினரிடையே 17.8. தந்தையின் உழைப்பில் உண்டு, தேர்வுக்குப் படித்துக் காத்திருக்கும் தலைமுறை இது. அவர்கள் துன்பம் பொய்யன்று. நெல்லைக் குதிரில் சேர்த்து வைக்கலாம். பயன்படாமற்போன ஒரு நாள் உழைப்பைச் சேர்த்து வைக்க முடியாது. ஆயினும் அவர்களின் துன்பத்துக்கு எண் உண்டு. நடவுப் பெண்ணின் துன்பத்துக்கு நாள் நிலை ஒன்றே எண் தந்தது. 2017-இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் அறிக்கைகளில் முன்னிற்பவை மற்ற இரண்டு அளவுகளே.

இனி அந்தச் 'சும்மா'. கணக்கெடுப்பாளர் ஒவ்வொருவர்க்கும் ஒரு குறியெண் இடுவார். வேலை தேடுபவர்க்கு 81. குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவர்க்கு 21. வீட்டுப்பணி மட்டும் செய்பவர்க்கு 92. வீட்டுப்பணியோடு விறகு பொறுக்கி, மாட்டுக்குத் தீவனம் தேடி, வீட்டுத் தேவைக்குத் தைப்பவர்க்கு 93. இவற்றுள் 21 உழைப்போர் தொகுதிக்குள் அடங்கும். 92-உம் 93-உம் அடங்கா. கணவனின் தறிக்கு நூல் சுற்றித் தரும் பெண்ணைப் பற்றிக் கேட்டதும், 'சும்மாதான் இருக்கிறாள்' என்று விடை வந்தால், மேலும் துருவிக் கேட்கும் பொறுமையைப் பொறுத்தே அவர் 21-ஆவதும் 92-ஆவதும். பெண்கள் உழைப்போர் தொகுதியில் பங்கேற்கும் அளவு 2017-18-இல் 23.3 விழுக்காடு, 2023-24-இல் 41.7. மகிழத்தக்க உயர்வே. ஆனால் 2023-24-இல் உழைக்கும் பெண்களுள் 36.7 விழுக்காட்டினர் அந்த ஊதியமில்லாத உதவியாளர்கள்.

2011-12 கணக்கெடுப்பில், வீட்டுப்பணியில் இருப்பதாகச் சொன்ன பெண்களிடம் மேலும் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க வேலை கிடைத்தால் செய்வீர்களா? கிராமங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் செய்வோம் என்றனர். மிகுதியானோர் விரும்பியது தையல் வேலை. அவர்களை வேலையற்றோராக எண்ண விதியில் இடமில்லாமையால், அவ்வாண்டின் 2.2 விழுக்காட்டில் அவர்கள் சேரவில்லை.