வெறுங்காலைப் புகழாதீர்கள்

பட்டம் பெறும் பிள்ளைகளே, எனக்குத் தந்த நேரத்தில் உதைபந்தாட்டம் பேசப்போகிறேன்.

1911 ஜூலை 29, கல்கத்தா. இந்திய உதைபந்தாட்டச் சங்கத்தின் (ஐ.எஃப்.ஏ.) கேடய இறுதியாட்டம். ஒரு பக்கம் பிரித்தானியரின் கிழக்கு யோர்க்ஷயர் படைப்பிரிவு, மறுபக்கம் இந்தியக் கழகமான மோகன் பாகான். பார்க்க வந்தவர்கள் அறுபதாயிரத்துக்கு மேல் என்கிறார்கள். கிட்டப் போக முடியாதவர்களுக்குக் கோல் கணக்கைப் பட்டம் விட்டுத்தான் அறிவித்தார்களாம். நீங்கள் இன்று வாங்கும் பட்டமல்ல, நூலில் பறக்கும் பட்டம்! முதல் கோல் படையினருக்கு. மோகன் பாகான் அணித்தலைவர் சிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து மறுபடி அவர் காலில். தடுப்பவர்களைத் தன் பக்கம் இழுத்துவிட்டுப் பந்தை அபிலாஷ் கோஷுக்குக் கொடுத்தார். 2-1. அந்த அபிலாஷ் ஸ்கொட்டிஷ் சேர்ச் கல்லூரி மாணவன், உங்கள் வயதுதான் இருக்கும்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லாரும் ஓரிடத்தில் வந்து உருகுவார்கள்: மோகன் பாகானின் பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்கால். அங்கேதான் எனக்குக் கோபம் வரும். நானும் இந்தப் புல்மோட்டைக் கரையில் வெறுங்காலோடு பந்தடித்தவன். அரிசிமலைப் பக்கம் மத்தியான வெயில் ஏறிய கறுப்பு மணலில் ஓடிப் பார்த்தவன் வெறுங்காலைப் புகழமாட்டான். பேராதனைக்குப் பொறியியல் படிக்கப் போய், சீனியர் ஒருவரின் பழைய சப்பாத்தை மாட்டிய பிறகுதான் பந்தை ஓங்கி உதைப்பது என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது. விரலில் பஞ்சு அடைத்துத்தான் போட்டேன், அது வேறு கதை.

மோகன் பாகான் அணியில் சப்பாத்துப் போட்ட ஒரே ஒருவர் சுதிர் சட்டர்ஜி, கல்லூரி விரிவுரையாளர். ஜூலை 10ஆம் திகதி முதல் ஆட்டம் புனித சேவியர் கல்லூரியோடு. அன்றைக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லையாம். பத்துப் பேரோடு இறங்கி 3-0 என வென்றார்கள். அரையிறுதியில் மிடில்செக்ஸ் படையோடு 1-1. மறுபடி ஆடி 3-0.

ஆனால் இந்தக் கதை அந்த ஜூலையில் தொடங்கியதல்ல. கழகம் உருவானது 1889இல். 1906, 1907, 1908 என மூன்று வருடமும் டிரேட்ஸ் கோப்பையை எடுத்தார்கள். 1909இல் முதன்முறை கேடயத்துக்கு வந்து கோர்டன் ஹைலண்டர்ஸ் படையிடம் தோற்றார்கள். வெற்றி எப்படி வருகிறது என்பதை நான் மணலில் கண்டிருக்கிறேன்: என் உத்தியோகம் முழுவதும் புல்மோட்டையின் கனிம மணலோடுதான் கழிந்தது. இல்மனைட்டைக் காந்தம் இழுத்துவிடும். சிர்க்கனும் ரூட்டைலும் காந்தத்துக்கு மசியாது. கழுவி, காயவைத்து, மின்புலத்தில் விட்டு, திரும்பத் திரும்ப ஓட்டினால்தான் பிரியும். 1911 கேடயம் அப்படிப் பிரிந்து வந்தது. வெறுங்கால் அந்த வெற்றிக்குக் காரணமில்லை. அவர்கள் சமாளித்த குறை அது.

சந்தேகமென்றால் 1923ஐப் பாருங்கள். மறுபடி இறுதியாட்டம், எதிரே கல்கத்தா எஃப்.சி. மழையில் ஊறிய மைதானம். சேற்றில் வெறுங்கால் வழுக்கியது, கேடயம் போனது. அடுத்த கேடயம் கைக்கு வர 1947 ஆயிற்று. 1911இலிருந்து முப்பத்தாறு வருட இடைவெளி! அதைப் பற்றி யாரும் உருகுவதில்லை.

உங்களில் சிலர் ஆசிரியராகப் போவீர்கள், சிலர் கந்தோருக்கு, சிலர் வெளிநாட்டுக்கு. முதல் சம்பளத்தில் உம்மாவுக்குச் சாரி வாங்குங்கள், மறக்க வேண்டாம். மிச்சம் இருந்தால் உங்கள் பழைய பாடசாலைக்கு ஒரு சோடி பந்துச் சப்பாத்து கொடுத்துவிடுங்கள். அளவு தெரியவில்லையே என்று யோசிக்காதீர்கள். எந்த அளவை வாங்கினாலும் அதற்குப் பொருந்தும் கால் ஒன்று அந்த மைதானத்தில் இருக்கும்.