பந்தியில் அறியப்படும் விசுவாசம்

(வெள்ளி விழாவையொட்டி அய்யலூரில் நிகழ்ந்த கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கிறித்தவ விசுவாசத்தை இரக்கத்திலும் தொண்டிலும் வாழ்ந்து காட்டுவது எவ்வாறு என்பது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளனர். சபைப் போதகர் ஒருவர் பேச வேண்டிய பொருளைப் பள்ளித் தலைமையாசிரியனிடம் கொடுத்தது ஏன் எனச் செயலாளரை வினவினேன். "போதகர் பேசினால் கிறித்தவர் மட்டுமே கேட்பார்கள், நீங்கள் பேசினால் எல்லோரும் கேட்பார்கள்" என்றார். அவர் கூற்றில் உண்மையுண்டு. நம் தெருக்களில் அண்ணன் வீட்டுச் சுவரில் சிலுவையும் தம்பி வீட்டுச் சுவரில் கருப்பசாமி படமும் தொங்குகின்றன. இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. நல்லது கெட்டது எல்லாவற்றிலும் ஒன்றாகவே நிற்கின்றனர். எனவே நான் கூறப்போவதைக் கிறித்தவரல்லாத உறவினரும் தமக்கும் உரியதாகவே கொள்ள வேண்டுகிறேன்.

ஒருவனுடைய விசுவாசத்தை எங்கே கண்டறிவது? ஆலயத்தில் எல்லோரும் பக்தர்களே. பாடல் வேளையில் உரத்த குரலில் பாடாதவர் எவருமிலர். ஆனால் பந்தியில் இலை போடும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. யாருக்கு அருகில் யார் அமர்கிறார், யார் சமைத்ததை யார் உண்கிறார் என்பதை உற்றுநோக்கினால் போதும். வேறு சோதனை தேவையில்லை.

இஃது என் சொந்தக் கருத்தன்று. திருச்சபையின் தொடக்க காலத்திலேயே இந்த வழக்கு எழுந்துவிட்டது. அந்தியோகியா நகரில் பேதுரு பிற இனத்தாரோடு கூடி உண்டு வந்தார். எருசலேமிலிருந்து தம் இனத்தார் சிலர் வந்து சேர்ந்தபோது, அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சிப் பந்தியினின்றும் விலகிக்கொண்டார். பவுல் அவரை முகத்துக்கு முகமாகக் கண்டித்தார் என்று கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் காண்கிறோம். கண்டிக்கப்பட்டவர் சாதாரண மனிதரல்லர், சீடர்களுள் முதல்வர். கண்டித்தவரோ காலத்தால் பின்வந்தவர். ஆயினும் உணவு வேளையில் ஒருவனை ஒதுக்குவது சிறு குறை என்று பவுல் விட்டுவிடவில்லை. நற்செய்தியின் உண்மையே அங்குக் கெட்டுப்போவதாகக் கருதினார்.

நம் நாட்டில் நிகழ்ந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் சபைகள் தோன்றிய காலத்தில் மேற்சாதியினர் ஒரு பக்கமும் நம் முன்னோர் மறுபக்கமுமாக அமர்ந்தனர். நற்கருணைப் பாத்திரம் முதலில் அவர்களிடம் சென்று, பின்னரே நம்மவரிடம் வந்தது. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் ஒரு சுற்றறிக்கை விடுத்து, சபைக்குள் சாதி வேற்றுமை முற்றிலும் ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டார். பலர் அதை ஏற்க மறுத்துச் சபையைவிட்டே வெளியேறினர். கிறிஸ்துவை விட்டாலும் சாதியை விடமாட்டோம் என்று அவர்கள் வாயால் சொல்லவில்லை, காலால் சொன்னார்கள்.

நம் பகுதிக்கு நற்செய்தி கொணர்ந்தது அமெரிக்க மதுரை மிஷன். 1834இல் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டே திண்டுக்கல்லில் நிலைகொண்டது. பள்ளிகளும் மருத்துவமனையும் அதன் பின்னர் வந்தன. அந்த மிஷன் 1847இல் ஒரு துணிவான முடிவெடுத்தது. உபதேசியாராயினும் சபை உறுப்பினராயினும் சாதி பாராமல் எல்லோருடனும் ஒன்றாக அமர்ந்து உண்ண வேண்டும் என்பதே அது. வேதத்தை மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடிய உபதேசியார் பலர் அந்த இலையின் முன் அமர மறுத்தனர். மறுத்தவர்கள் விலக்கப்பட்டனர். ஆட்கள் குறைவார்களே, பள்ளிகள் நடவாவே என்று மிஷன் தயங்கியிருக்கலாம். எண்ணிக்கையா உண்மையா என்ற கேள்வி எழுந்தபோது அவர்கள் உண்மையைத் தெரிந்துகொண்டனர். வெள்ளையர் செய்தவற்றையெல்லாம் புகழ்பவன் அல்லன் நான். எனினும் இந்த ஒன்றுக்காக அவர்களை நினைக்காமல் இருக்க முடியாது.

அந்தப் பந்தி இன்று முடிந்துவிட்டதா? திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களுக்கிடையே எழுப்பிய சுவரைப் பற்றி நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். உயிர்த்தெழுதல் நாளில் அந்தச் சுவரை யார் இடிப்பார் என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். என்னிடம் விடையில்லை.

மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அருள்திரு தியோபிலஸ் அப்பாவு, 'பறட்டை' என்ற பெயரால் அறியப்பட்டவர். நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டி, பறையைச் சபைக்குள் கொண்டுவந்தவர். ஒரே உலையில் எல்லோரும் சேர்ந்து சமைத்து உண்பதையே அவர் தம் இறையியலின் நடுவில் வைத்தார். கற்றறிந்த பலர் அப்போது சிரித்தனர். உலைவைக்க அரிசியில்லாத வீட்டில் பிறந்தவனுக்குத்தான் அதன் பொருள் விளங்கும். அவர் 2005இல் மறைந்தார்.

இனி, தொண்டுக்கு வருவோம். திண்டுக்கல்லைக் கடந்து பழனிச் சாலையில் சென்றால் ஒட்டன்சத்திரம். காய்கறிச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். உங்களில் பலர் அங்குள்ள கிறித்தவ ஐக்கிய மருத்துவமனைக்குச் சென்றிருப்பீர்கள். சிலர் அங்கே பிறந்தவர்களாகவும் இருக்கலாம். 1955இல் மருத்துவர் ஏ. கே. தரியன் அவர்களும் அவருடைய நண்பர்களும் அதைத் தொடங்கினர். பெருநகரத்தில் மருத்துவமனை வைத்திருந்தால் பெரும்பொருள் ஈட்டியிருப்பார்கள். மருத்துவர் இல்லாத வறண்ட நாட்டுப்புறத்தைத் தேடி வந்தார்கள். அவர்கள் செய்த முதல் தொண்டு மருந்து கொடுத்ததன்று, இடத்தைத் தேர்ந்தெடுத்தது என்பேன். எங்கே நிற்கிறோம் என்பதை முடிவு செய்துவிட்டால், என்ன செய்ய வேண்டும் என்பது தானே விளங்கிவிடும்.

வேலூர் வரலாற்றையும் மாணவர்கள் அறிய வேண்டும். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார் அமெரிக்காவில் படித்துவிட்டு, இந்தியாவில் தங்குவதில்லை என்ற முடிவோடுதான் நோயுற்ற தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்தார். ஓர் இரவில் மூன்று ஆடவர், ஒருவர் பின் ஒருவராக, தத்தம் மனைவியின் பேறுகாலத்திற்கு உதவுமாறு அவரை அழைத்தனர். அவரோ மருத்துவம் படித்தவரல்லர். மருத்துவரான தந்தையை அனுப்புகிறேன் என்றால், ஆண் மருத்துவர் தொடக் கூடாது என்றனர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அவர் அமெரிக்கா திரும்பி 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் ஒரே ஒரு படுக்கையுடன் வேலூரில் பணி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி. கிராமச் சாலையோரங்களில் மரத்தடி மருத்துவம். 1960இல் நம் மாவட்டக் கொடைக்கானலில் கண்மூடினார்.

அதே வேலூரில் மேரி வர்கீஸ் என்னும் இளம் மருத்துவர் 1954இல் வாகன விபத்தொன்றில் இடுப்பின்கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் மடங்கிய கைவிரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். பரிதாபத்திற்குரியவர் என்று பிறர் எண்ணிய ஒருவர், அதனினும் அதிகமாக ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கை கொடுத்தார். இளைஞர்களே, நமக்கு வசதி வந்த பிறகு தொண்டு செய்வோம் என்பவர்களுக்கு இவரை நினைவூட்டுங்கள்.

ஆனால் மருந்தும் கஞ்சியும் கொடுப்பதோடு இரக்கம் முடிந்துவிடுமா? 1925இல் மதுரை மிஷனின் ஊழியராக வந்தவர் அமெரிக்கரான கெய்த்தான் அவர்கள். விடுதலை இயக்கத்தாரோடும் ஏழைகளோடும் நெருங்கிப் பழகியதற்காக 1930இலும் 1944இலும் இந்த நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். விடுதலைக்குப் பின் திரும்பி வந்து காந்திகிராமப் பகுதியில் உழைத்தார். ஏழைக்குச் சோறு போட்டவரை எந்த அரசும் வெளியேற்றியதில்லை. ஏழை ஏன் ஏழையாக இருக்கிறான் என்று கேட்டால்தான் அரசுக்குக் கோபம் வருகிறது.

1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு. ஆலயங்களில் கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சி. அதே இரவில் கீழவெண்மணியில் நம் மக்கள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். கூலி உயர்வு கேட்டதே அவர்கள் செய்த குற்றம். செய்தி கேட்டு அங்கே சென்றவர்களில் ஒருவர், நம் மாவட்டத்தில் வத்தலக்குண்டை அடுத்த அய்யன்கோட்டையில் நிலமற்ற தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். சென்றவர் ஆறுதல் கூறித் திரும்பிவிடவில்லை. அந்த மக்களோடு தங்கி, 1981இல் 'லாப்டி' என்னும் இயக்கத்தை நிறுவி, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரில் நிலம் கிடைக்கச் செய்தார். 2008இல் வாழ்வுரிமைக்கான பன்னாட்டு விருது அவருக்கும் கணவருக்கும் அளிக்கப்பட்டது. அவர் கிறித்தவரல்லர், காந்திய வழியினர். நல்ல சமாரியன் உவமையை நினைத்துப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு விலகிப்போனவர்கள் ஆசாரியனும் லேவியனும். குனிந்து காயம் கட்டியவனோ, யூதர்கள் தம்மோடு சேர்க்காத சமாரியன். யாரை முன்மாதிரியாகக் காட்டினார் இயேசு என்பதைக் கவனிப்பவர்களுக்குக் கிருஷ்ணம்மாளை இந்த உரையில் நான் ஏன் சேர்த்தேன் என்பது புரியும்.

இனி நம் ஊர்ச் செய்தி. சிலருக்குக் கசக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை தோறும் அய்யலூரில் ஆட்டுச்சந்தை கூடுகிறது. தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்திய வாரங்களில் சந்தையில் நிற்க இடமிராது. நம் தாய்மார்கள் ஆண்டு முழுவதும் வளர்த்த வெள்ளாட்டை அங்கே விற்கிறார்கள். விற்ற பணம் எங்கே போகிறது? காதுகுத்துக்கு மூன்று நாள் ஒலிபெருக்கி. சாலைநெடுகத் தட்டிப் பலகை. மொய் திரும்ப வரும் என்ற நம்பிக்கையில் வட்டிக்கடன். பக்கத்து ஊரொன்றில் ஆலயக் கோபுரத்தை உயர்த்துவதற்கு வீடுதோறும் வரி போட்டார்கள். அந்தக் கோபுரத்தின் நிழல் விழும் தெருவிலிருந்தே, அதே ஆண்டில், பத்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகள் நூற்பாலை வண்டியில் ஏறினார்கள். வேடசந்தூர், திண்டுக்கல் வட்டாரத்து ஆலைகளுக்கு நம் பெண்கள் செல்வது உங்களுக்குப் புதிதன்று. மூன்றாண்டு வேலை செய்தால் திருமணத்திற்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி அழைத்துச் சென்ற காலமும் உண்டு. சில பிள்ளைகள் பஞ்சுத் தூசியால் இருமலோடு திரும்பினர். சொன்ன தொகை கைக்கு வராதவர்களும் உண்டு. உழைப்பது இழிவன்று, நானும் கூலிக்காரர் மகனே. ஆனால் பதினாறு வயதில் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதில் தாய் தந்தையர் தவறினால், அந்தப் பிள்ளையின் நாற்பது ஆண்டுகளும் தவறிப்போகின்றன.

பணமில்லை என்பார்கள். முழுவதும் உண்மையன்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. ஆண்பிள்ளைகளுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. இன்னொரு செய்தியைக் கிறித்தவ உறவினர் கருத்தூன்றிக் கேட்க வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை கிறித்தவரான நம்மவரைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். நாம் இன்னும் வெளியே நிற்கிறோம். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். அந்த நீதிக்கான போராட்டம் நடக்கட்டும். அதற்கிடையில், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவருக்கும் மாநில அரசின் கல்வி உதவித்தொகை உண்டு என்பதை அறியாமலே பல வீடுகள் விட்டுவிடுகின்றன. சான்றிதழ் எடுப்பதற்கு ஒரு நாள் கூலி போகும் என்பதற்காக நான்கு ஆண்டுப் படிப்பை இழக்கின்றனர். அலுவலகத்துக்கு உடன் சென்று விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஓர் இளைஞன் இருந்தால் போதும். ஆலய மேடையில் மூன்று பாட்டுப் பாடுவதைவிட அது குறைந்த ஊழியம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அதே பகுதியில், விதவைகளின் வீடுகளை விழுங்கிக்கொண்டு நீண்ட ஜெபம் செய்பவர்களை இயேசு கண்டித்ததை யாரும் வாசிப்பதில்லை. நம் கழகத்திற்கு வரும் பணமும் பெரும்பாலும் அந்த இரண்டு காசுதான். ஆடு விற்ற பணம், ஆலைக் கூலி, தக்காளி பறித்த கூலி. ஆகவே வெள்ளி விழா நினைவாக அலங்கார வளைவு கட்டலாம் என்று செயற்குழுவில் எழுந்த யோசனையை நான் மறுத்துப் பேசினேன். பெரியவர்கள் சிலருக்கு என்மீது வருத்தமுண்டு. அந்தத் தொகையில் மாலைப் படிப்புக்கூடம் ஒன்றை அமைத்து, இரவு எட்டு மணி வரை விளக்கும், ஒரு வேளை உணவும், ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் ஆசிரியரும் கொடுக்கலாம் என்பதே என் கோரிக்கை. சமையலை எல்லாத் தெருப் பெண்களும் முறைவைத்துச் செய்ய வேண்டும். பிள்ளைகள் யாவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டும். நமக்குள்ளும் உட்பிரிவு பார்க்கும் வழக்கம் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள்; அந்த வழக்கம் அந்த வாசற்படியைத் தாண்டக் கூடாது.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளன்று மாலையே, ஆலை முகவர் வருவதற்கு முன், வீடு வீடாகச் செல்லப் பத்து இளைஞர்கள் தேவை. கிறித்தவர் ஐவர், மற்றவர் ஐவராக இருந்தால் மகிழ்வேன். உணவு இடைவேளையில் பந்தியிலேயே உங்களோடு அமர்ந்திருப்பேன். பெயர் கொடுக்க விரும்புவோர் அங்கே என்னிடம் கொடுக்கலாம்.