ஓவியருக்குப் பெயர் உண்டு: ஜன்கர் சிங் ஷியாம்

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

ஒரு சமகால ஓவியரைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் கலை விமர்சகர் இல்லை. அருங்காட்சியகங்கள் பொருட்களை எப்படி வகை பிரிக்கின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. எந்தப் படைப்பு எந்த அறைக்குப் போகிறது, அதன் கீழே ஒட்டியிருக்கும் அட்டையில் யார் பெயர் வருகிறது, யார் பெயர் வராமல் போகிறது, இவைதான் என் கேள்விகள். அந்த வேலையில் திரும்பத் திரும்ப என் முன்னால் வந்து நின்றவர் ஜன்கர் சிங் ஷியாம். இன்று அவரைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலில் அவருடைய பெயர். 1960களின் தொடக்கத்தில், மத்தியப் பிரதேசத்தின் அன்றைய மண்டலா மாவட்டத்தில் பாட்டன்கர் என்ற ஊரில் பிறந்தவர். இன்று அந்த ஊர் திண்டோரி மாவட்டத்தில் இருக்கிறது. அவர் பிறந்த சமயம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்ததாம். இந்தியில் ‘ஜனகணனா’. அதனால் குழந்தைக்கு ஜன்கர் என்று பெயர் வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அரசின் பட்டியலில் ஒரு கட்டத்தை நிரப்ப வந்த அதிகாரிகளின் நினைவாக ஒரு குழந்தைக்குப் பெயர்! பிற்காலத்தில் அவருடைய கலையையும் ஒரு கட்டத்துக்குள் அடைக்க எத்தனை பேர் முயன்றார்கள் என்று பார்க்கும்போது இந்தப் பெயர்க்கதை எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும்.

ஜன்கர் பர்தான் கோண்டு சமூகத்தவர். பர்தான்களைக் கோண்டுகளின் பாணர்கள் என்று சொல்லலாம். பானா என்ற மூன்று நரம்புக் கருவியை வில்லால் இசைத்து, புரவலர் குடும்பங்களின் வம்சாவளியையும் படா தேவின் கதைகளையும் பாடுவார்கள். பதிலுக்குத் தானியம், துணி, கால்நடை என்று கிடைக்கும். தோற்றக் கதைகளில் பர்தான் கோண்டுகளின் இளைய தம்பி. நடைமுறையில் ஒரு படி கீழே. பழங்குடிகள் என்றாலே சமத்துவம் என்று கனவு காணும் தோழர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். காட்டின் மீதான உரிமை பறிபோய்ப் புரவலர்களே வறுமையில் விழுந்தபோது பாணர்களின் பிழைப்பும் போனது. ஜன்கர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்.

அந்த ஊர் வீடுகளில் சுவரிலும் தரையிலும் பெண்கள் ‘திக்னா’ என்ற கோலம் போன்ற வடிவங்களை வரைவார்கள். அவை பெரும்பாலும் கோடுகளும் கட்டங்களும் சேர்ந்தவை. இன்று ‘கோண்டு ஓவியம்’ என்று நீங்கள் பையிலும் கோப்பையிலும் பார்க்கிற மானும் மயிலும் புலியும் அங்கே பழைய காலத்திலிருந்து வந்த ஒரு ஓவிய மரபாக இருக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ‘பல்லாயிரம் ஆண்டுப் பழமை’ என்று எழுதாத விற்பனை அட்டையே இல்லை.

1981இல் போபாலில் பாரத் பவன் உருவாகிக்கொண்டிருந்தது. அதன் ரூபங்கர் அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பேற்றிருந்தவர் ஓவியர் ஜே. சுவாமிநாதன். சிம்லாவில் பிறந்த தமிழ்க் குடும்பத்தவர், முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் வேலை செய்தவர். மாநிலம் முழுவதும் கிராமங்களுக்கு மாணவர் குழுக்களை அனுப்பினார். அப்படிப் போன குழு ஒன்று பாட்டன்கரில் ஜன்கர் வரைந்த படத்தைப் பார்த்தது. இளைஞர் போபாலுக்கு வந்தார். 1982 பிப்ரவரியில் பாரத் பவன் திறக்கப்பட்டது.

கலை வரலாற்று நூல்களில் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘கண்டுபிடிப்பு’. கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்த அதே வகைக் கண்டுபிடிப்பு. ஆனாலும் சுவாமிநாதனுக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். பழங்குடி மக்களின் கலை கடந்த காலத்தின் மிச்சமல்ல, நகரத்து ஓவியர்களின் கலை எந்த அளவு சமகாலமோ அதே அளவு இதுவும் சமகாலம் என்று அவர் வாதாடினார். இரண்டையும் ஒரே அருங்காட்சியகத்துக்குள் கொண்டுவந்தார். 1980களில் இது சின்ன விஷயமில்லை. மானுடவியல் காட்சிக்கூடத்தில் பானை சட்டியோடு வைக்கப்பட்டிருந்ததை அங்கிருந்து வெளியே எடுத்தார்.

போபாலில் ஜன்கர் என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. பாரத் பவனின் அச்சுக்கலைப் பட்டறையில் வேலை செய்தார். தாள், மை, போஸ்டர் வண்ணம், பிறகு அக்ரிலிக், கேன்வாஸ். முதல்முறை அந்தப் பளிச்சென்ற வண்ணங்களைத் தொட்டபோது உடல் சிலிர்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பாட்டில் மட்டும் இருந்த தெய்வங்களுக்கு அவர் உருவம் கொடுத்தார். படா தேவ் சாஜா மரத்தில் இருப்பவர். நம் பக்கம் கருமருது என்போமே, அந்த மரம். அவருக்குக் கண்ணும் கையும் கொண்ட சிலை கிடையாது. இந்த இளைஞர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இதுவரை யாரும் பார்க்காத ஒரு தெய்வத்தை வரைகிறார். எதைப் பார்த்து வரைந்திருப்பார்? காதில் கேட்டதை வைத்துத்தான். கலைமானின் கொம்பு மரமாகக் கிளைக்கிறது. பாம்பு, முதலை, பறவை எல்லாம் தரை என்ற ஒன்று இல்லாமல் தாளில் மிதக்கின்றன. உடலுக்குள் சீப்பால் வாரியது போல் இணைகோடுகள், அவற்றினிடையே புள்ளிகள். ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கிய மொழி இது. பல தாள்களில் தேவநாகரியில் அவர் கையெழுத்தும் இருக்கிறது.

இப்போது அட்டைக்கு வருகிறேன். ஒரு அருங்காட்சியகத்தில் ஆய்வுக்காக ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். ஓர் அறையில் நவீன ஓவியங்கள். பெயர், பிறந்த ஆண்டு, தலைப்பு, ஊடகம் எல்லாம் அட்டையில் இருந்தன. அடுத்த அறையில் ஓர் ஓவியத்தின் கீழே ‘கோண்டு ஓவியம், மத்தியப் பிரதேசம்’. அவ்வளவுதான். ஓவியர் பெயர் என்ன என்று கேட்டேன். “அது டிரைபல் ஆர்ட் மேடம், சமூகத்தோட கலை” என்றார் பொறுப்பாளர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மரியாதையாகச் சொல்வதாகவே நினைத்தார். அந்த மரியாதைதான் பிரச்சினை.

ஒரு ஒப்பீடு சொல்கிறேன். எஸ்.எச். ரஸா உங்களுக்குத் தெரியும். 1922இல் அதே மண்டலா மாவட்டத்தில் பாபரியா என்ற ஊரில் பிறந்தவர். அப்பா வனத்துறை அலுவலர். ரஸாவின் ‘பிந்து’, அதாவது புள்ளி, உலகப் புகழ் பெற்றது. அந்தப் புள்ளியைப் பற்றி எழுதியவர்கள் தத்துவம், பிரபஞ்சம், சூன்யம் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதே காட்டுப் பகுதியிலிருந்து வந்த ஜன்கரும் புள்ளி வைத்தார். அதற்கு ‘பழங்குடி அலங்காரம்’ என்று பெயர். 2010இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ரஸாவின் ‘சௌராஷ்டிரா’ ஏறத்தாழ 16.4 கோடி ரூபாய்க்குப் போனது. அதே ஆண்டு நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில் ஜன்கர் 1988இல் வரைந்த ‘சிலந்தியுடன் நிலக்காட்சி’ 31,250 டாலருக்குப் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 14 லட்சம். வாழும் காலத்தில் அவர் பார்த்திராத தொகை என்று செய்தியாளர்கள் வியந்தார்கள். ரஸா பெரிய ஓவியர், எனக்கு அதில் சந்தேகமில்லை. வனத்துறை அலுவலரின் மகன் வைத்த புள்ளிக்குத் தத்துவமும், காட்டு மக்களின் மகன் வைத்த புள்ளிக்கு அலங்காரமும் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதுதான் கேள்வி.

இந்த இடத்தில் ஒரு தோழர் கேட்கலாம். தனிமனித மேதைமை என்பதே முதலாளித்துவக் கற்பனைதானே, பழங்குடிகளின் கூட்டுக் கலையை நாம் ஏன் தனிச்சொத்தாக்க வேண்டும் என்று. நல்ல கேள்விதான். ஆனால் கூட்டுத்தன்மையின் பெருமை ஏன் எப்போதும் ஆதிவாசிக்கும் தலித்துக்கும் கைவினைச் சாதிகளுக்கும் மட்டுமே வழங்கப்படுகிறது? ரஸாவை யாரும் ‘மண்டலா முஸ்லிம் ஓவியம்’ என்று அட்டையில் எழுதுவதில்லையே. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், வரைவு அரசியலமைப்பு கிராமத்தைக் கைவிட்டுத் தனிமனிதரை அடிப்படை அலகாக ஏற்றதில் மகிழ்ச்சி என்றார். சாதி என்பது ஒருவரை ஒருவராகப் பார்க்க மறுப்பது என்று அவருக்குத் தெரியும். சிலருக்குப் பெயர், மற்றவர்களுக்குச் சமூகத்தின் பெயர். அருங்காட்சியக அட்டையில் நடப்பது இதுதான்.

இத்தனைக்கும் அவர் அங்கீகாரம் கிடைக்காதவர் இல்லை. 1986இல் மத்தியப் பிரதேச அரசின் சிகர் சம்மான். 1989இல் பாரிசில் பொம்பிடூ மையம் நடத்திய ‘பூமியின் மந்திரவாதிகள்’ கண்காட்சி. ஐரோப்பிய ஓவியர்களையும் அதே மந்திரவாதி என்ற பெயரில்தான் அழைத்தார்கள், நேர்மையாகச் சொல்ல வேண்டும். போபாலில் சார்லஸ் கோரியா வடிவமைத்த சட்டமன்றக் கட்டடத்தில் ஜன்கரின் பெரிய சுவரோவியங்கள் இருக்கின்றன. காட்டு மக்களைப் பற்றிச் சட்டம் இயற்றும் கட்டடத்தின் சுவர் அது.

2001இல் ஜப்பானின் நீகாதா மாநிலத்தில் உள்ள மிதிலா அருங்காட்சியகத்தில் ஒப்பந்தத்தின் பேரில் தங்கி வரைந்துகொண்டிருந்தார். ஊர் திரும்ப வேண்டும் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதினார். தங்கும் காலம் நீண்டது. ஜூலை தொடக்கத்தில் அவர் இறந்த செய்தி வந்தது. தற்கொலை என்று அறிவிக்கப்பட்டது. அவருக்கு வயது நாற்பது சுற்றி. இந்தியக் கலைஞர்கள் பலர் விசாரணை கேட்டுக் குரல் எழுப்பினார்கள். ரஸாவோ ஹுசேனோ வெளிநாட்டுக்குப் போனால் அழைத்தவர், கண்காட்சிக்கூடம், வழக்கறிஞர், நண்பர்கள் என்று ஒரு வட்டம் கூடவே இருக்கும். உலகப் புகழ் பெற்ற ஒருவர் மொழி தெரியாத ஊரில் கூலிக்கு வரைபவரைப் போலத் தனியாக இருந்தார். அதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு மனமில்லை.

அவர் விட்டுப்போனதைப் பற்றிப் பேசலாம். போபாலில் காலூன்றியதும் உறவினர்களை ஒவ்வொருவராக வரவழைத்தார். அவர்கள் வீட்டிலேயே தங்கி அவர் படங்களுக்குள் புள்ளியும் கோடும் நிரப்பிக் கற்றார்கள். பிறகு ஒவ்வொருவரும் தமக்கென ஒரு நிரப்பு வடிவத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். அந்த வடிவத்தைப் பார்த்தே இது யார் வரைந்தது என்று சொல்லிவிடலாம். கூட்டுக் கலைக்குள் தனிக் கையெழுத்து எப்படி இருக்கும் என்று கேட்ட தோழருக்கு இதுவே பதில். போபாலில் இரவுக் காவலாளியாக இருந்த மருமகன் பஜ்ஜு ஷியாம், லண்டனில் ஒரு உணவகத்துக்குச் சுவரோவியம் வரையப் போய்வந்த அனுபவத்தை ‘லண்டன் ஜங்கிள் புக்’ ஆக்கினார். 2004இல் அதை வெளியிட்டது திருவான்மியூர் தாரா பதிப்பகம். இங்கிலாந்துக்காரர்களை இவர் அந்தப் புத்தகத்தில் ஆராய்கிறார், வெர்ரியர் எல்வின் ஒரு காலத்தில் பாட்டன்கரில் குடியிருந்து கோண்டுகளை ஆராய்ந்ததைப் போல. பஜ்ஜுவுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் அதே குடும்ப வட்டம். ரவிக்குமாரும் எஸ். ஆனந்தும் 2003இல் தொடங்கிய நவயானா, 2011இல் இவர்கள் வரைந்த ‘பீமாயணா’வை வெளியிட்டது. அம்பேத்கர் பள்ளியில் தாகத்தோடு நின்றது, பரோடாவில் தங்க இடமில்லாமல் அலைந்தது, மகாத் குளம், எல்லாம் அதில் உண்டு. சித்திரக்கதை என்றால் கட்டம் கட்டமாக வரைவார்கள் இல்லையா? இவர்கள் மறுத்துவிட்டார்கள். மனிதர்களைக் கட்டத்துக்குள் அடைக்க மாட்டோம், எல்லோரும் மூச்சுவிடத் திறந்த வெளி வேண்டும் என்றார்கள். கட்டங்களுக்குப் பதிலாகத் திக்னா கோடுகள் பக்கத்தை வளைந்து வளைந்து பிரிக்கின்றன. அன்பாகப் பேசுபவரின் பேச்சுக்குமிழி பறவை வடிவில் இருக்கும். சாதி நஞ்சைக் கக்குபவரின் குமிழிக்குத் தேளின் கொடுக்கு.

ஜன்கரின் மகள் போபாலில் வரைகிறார், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில். பெயர் ஜப்பானி ஷியாம். 1988இல் அவர் பிறந்தபோது அப்பா ஜப்பானில் இருந்ததால் வைத்த பெயர்.

‘பீமாயணா’ இரண்டு பிரதிகள் கொண்டுவந்திருக்கிறேன். கைமாற்றிப் பாருங்கள், தேள்கொடுக்குக் குமிழிகள் முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும். கேள்விகள் இருந்தால் பேசலாம்.