கையில் அட்டை இருந்தால் போதுமா?

(கோவை வட்டாரத்தில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஷிப்டு முடிந்து மில் கேட்டிலிருந்து நேராக வந்தவர்களும், களை எடுத்த கையோடு வந்தவர்களும் நிறைந்த கூட்டம் இது. இங்கே ஐ.டி. ஊழியர்களைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். அந்த ஊழியர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். ஆடு மாட்டை விற்று, பி.எப். பணத்தை எடுத்து, வட்டிக்கு வாங்கி நாம் படிக்க வைத்த நம் வீட்டுப் பிள்ளைகள்!

சில மாதங்களுக்கு முன் நமது சங்க ஆபீசுக்கு ஒரு ஸ்பின்னிங் தொழிலாளி தம் மகளை அழைத்து வந்தார். ஒரே கம்பெனியில் 11 வருஷம் வேலை பார்த்த பெண். ஒருநாள் மத்தியானம் அவளை ஓர் அறைக்குக் கூப்பிட்டார்கள். தயாராக அடித்து வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார்கள். "கையெழுத்துப் போட்டால் நல்ல சர்டிபிகேட் தருவோம். மறுத்தால் நீக்கினோம் என்று எழுதுவோம். அப்புறம் வேறெங்கும் வேலை கிடைக்காது" என்றார்கள். பயந்து போட்டுவிட்டாள். ஒரு மாதச் சம்பளத்தோடு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

தகப்பனாருக்கு மனம் ஆறவில்லை. "ஏங் கண்ணு, எங்க மில்லுல இப்படி ஒரு காயிதத்தை நீட்டினா, சங்கத்தைக் கேட்டுட்டு வர்றோம்னு சொல்லிட்டு வெளிய வந்துருவோமே. உங்களுக்குச் சங்கமே கிடையாதா?" என்று நம் முன்னாலேயே கேட்டார்.

மகள் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இருக்குதுப்பா. வருஷா வருஷம் சந்தா கட்டறேன்" என்றாள். அது கம்ப்யூட்டர் தொழில் வல்லுநர் சபை ஒன்றின் அங்கத்தினர் அட்டை.

அந்தச் சபைகள் கெட்டவை என்று நாம் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1957இல் பிரிட்டிஷ் கம்ப்யூட்டர் சொசைட்டி தோன்றியது. நம் நாட்டில் 1965இல் கம்ப்யூட்டர் சொசைட்டி ஆப் இந்தியா ஏற்பட்டது. சொற்பொழிவு, மகாநாடு, பத்திரிகை, பயிற்சி என்று அவை அறிவை வளர்க்கின்றன. நாளுக்கு நாள் மாறும் தொழிலில் அறிவுதான் கைக்கருவி. ஆகவே நம் பிள்ளைகள் அதில் சேரட்டும், கற்கட்டும்.

ஆனால் அங்கே யார் யார் அங்கத்தினர்? டி.சி.எஸ். கம்பெனிக்குத் தலைமை வகித்த எப்.சி. கோலியே கம்ப்யூட்டர் சொசைட்டியின் தலைவராகவும் இருந்திருக்கிறார். வேலை கொடுப்பவரும் வேலை செய்பவரும் அங்கே ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். பாடம் கேட்பதற்கு அது சரி. ஆட்குறைப்பு வந்தால் அந்தச் சபை யார் பக்கம் நின்று பேசும்? பேச முடியாது. அதற்காக அது ஏற்பட்டதும் அல்ல.

இனி, அந்த ராஜினாமாவின் சூட்சுமத்தைப் பாருங்கள். கம்பெனியாக ஆட்குறைப்புச் செய்தால் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஒரு மாத நோட்டீஸ் வேண்டும். வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் நஷ்ட ஈடு தரவேண்டும். கடைசியில் வந்தவரைத்தான் பொதுவாக முதலில் அனுப்பவேண்டும். 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தில் இது இருந்தது. நம் உரிமைகளை வெட்டிச் சுருக்கி, 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில்கூட இது இருக்கிறது. தொழிலாளியே ராஜினாமா செய்ததாக எழுதி வாங்கிவிட்டால்? இது எதுவும் இல்லை! 11 வருஷத்துக்கு 165 நாள் சம்பளம், ஏறத்தாழ ஐந்தரை மாதச் சம்பளம், ஒரு கையெழுத்தில் போய்விட்டது.

"அவர்கள் மாதத்தில் வாங்குவதை நாம் வருஷத்தில் வாங்குகிறோம். அவர்களுக்கு எதற்குச் சங்கம்?" என்று நம்மிலே சிலர் கேட்கிறார்கள். "நாங்கள் தொழிலாளி அல்ல, புரொபஷனல்" என்று அந்தப் பிள்ளைகளிலும் சிலர் சொல்கிறார்கள். இரண்டும் தவறு. உழைப்பை விற்றுத்தான் ஒருவன் பிழைக்கவேண்டும் என்றால், சம்பளம் எவ்வளவாயினும் அவன் தொழிலாளியே. சென்னையில் 1918இல் மில் தொழிலாளர் சங்கம் கண்டார்கள். வெள்ளைச் சட்டை போட்ட பாங்கு ஊழியர்கள் 1946இல் அகில இந்தியச் சங்கம் கண்டார்கள். இப்போது இவர்களின் முறை.

வழியும் திறந்திருக்கிறது. 2015 ஜனவரியில், வேலை நீக்கப்பட்ட ஒரு கர்ப்பிணிப் பெண் ஊழியர் சென்னை உயர்நீதிமன்றம் சென்றார். இடைக்காலத் தடை கிடைத்தது. கம்பெனி உத்தரவை வாபஸ் வாங்கியது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று 2016இல் தமிழ்நாடு சர்க்காரே தெளிவுபடுத்தியது. கர்நாடகத்தில் 2017இல் ஐ.டி. ஊழியர் சங்கம் பதிவாயிற்று. 2024இல் அங்கே 14 மணி நேர வேலை யோசனை கிளம்பியபோது, தெருவில் இறங்கி எதிர்த்தது அந்தச் சங்கமே.

இது நமக்குத் தெரிந்த பாடம். 2023 ஏப்ரலில் நம் சட்டசபையில் 12 மணி நேர வேலை மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாக எழுந்தன. மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்க நேர்ந்தது. வல்லுநர் சபை அட்டையால் நடந்த காரியமா அது?

2025 ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய ஐ.டி. கம்பெனி சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அறைக்குக் கூப்பிடும் நாள் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் வரலாம்.

ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளுக்குப் போன் போடுங்கள். மூன்று விஷயம் சொல்லுங்கள். எந்தக் காகிதத்திலும் அன்றைக்கே கையெழுத்துப் போடாதே. கம்பெனி சொல்வதை எழுத்தில் கேள். தனியாக அறைக்குள் போகும் நாள் வருமுன்பே யூனியனில் சேர். வல்லுநர் சபை அட்டை பையில் இருக்கட்டும். அதன் பக்கத்தில் சங்க அட்டையும் இருக்கட்டும்.

அந்தப் பெண்ணுக்காகத் தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்திருக்கிறோம். முடிவு எப்படியாயினும் அவள் இன்று சங்க அங்கத்தினர். தன்னோடு வேலை பார்த்த நான்கு பேரையும் அழைத்து வந்திருக்கிறாள். அவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இடம் விட்டு உட்காருங்கள் தோழர்களே, இன்னும் பலர் வருவார்கள்!

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!